காத்திருக்கச் சொன்னது நான்

மே 28, செவ்வாய்

காலையில் வந்ததும் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒற்றைத் தாள். "படிச்சுப் பாருங்கம்மா" என்று என் பக்கம் தள்ளினார். அதிகார ஒப்படைப்பு ஆணை. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் விடுப்பு. அதுவரை அவர் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் துணை இயக்குநராகிய நான் போட வேண்டும். எட்டுப் பிரிவுகள். விடுப்பு, களப்பயணம், கருவிப் பழுது என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து ஆறாவதில் நின்றுவிட்டேன். 'மண்சரிவு எச்சரிக்கை அறிவிப்புகள் – இயக்குநருடன் கலந்தாலோசித்து.'

"நீங்க ஆஸ்பத்திரியில இருப்பீங்களே சார், எப்படிக் கலந்தாலோசிக்கிறது?"

"போன் எதுக்கு இருக்கு? ஆறு வாரத்துல அப்படி என்ன மழை பெஞ்சிடப் போகுது?"

பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருஷமாக இந்த நிறுவனத்தில் அறிக்கைகளின் இடது ஓரத்தில் 'தயாரித்தவர்' என்று கையெழுத்துப் போட்டவள். மலை எங்கே நகர்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதைப் பார்த்துச் சாலையை மூடலாமா கூடாதா என்பது வலது ஓரத்துக்காரரின் கவலை. நாளை மறுநாளிலிருந்து அந்த வலது ஓரம் நான்.

பெருமையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஆணையை மடித்துக் கைப்பையில் வைத்தேன், எடுத்து ஆறாவது பிரிவை மறுபடி படித்தேன்.

மே 30, வியாழன்

நாற்பத்தொரு கையெழுத்து. ஒன்றைக்கூட நிதானமாகப் படிக்கவில்லை.

மே 31, வெள்ளி

அலுவலகக் கண்காணிப்பாளரை எல்லாரும் விதிப்புத்தகம் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. எந்த ஆணையும் அவருக்குத் தேதியோடு மனப்பாடம். இன்று 'இயக்குநருக்காக' என்று செதுக்கிய புது ரப்பர் முத்திரையைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணு சொல்லவா மேடம்? இந்த முத்திரைக்கு மேல போடற கையெழுத்துக்கு ரெண்டு சொந்தக்காரங்க. நல்லபடியா முடிஞ்சா இயக்குநரோடது. கெட்டுப்போச்சுன்னா உங்களோடது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. பத்தரை மணிக்கு மலைக்காரர் போன் செய்தார். நம் நான்காம் கண்காணிப்பு நிலையத்துக் களப்பணியாளர். பதினொரு வருஷமாக மேலேயே ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறவர். சாலைக்கு மேலே சரிவில் ஒரு நீள விரிசல் இருக்கிறது. அதன் குறுக்கே கம்பி கட்டி, கம்பி இழுபடுவதை மணிக்கொருமுறை அளப்பது அவர் வேலை. மணிக்கு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை விட வேண்டும்.

"ஆறு காட்டுது மேடம்."

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளுக்காகப் படுத்திருந்த இயக்குநரைக் கூப்பிட்டேன். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். பதினோரு மணிக்குக் காவல்துறை சாலையை மூடியது.

என் ஒரு கையெழுத்தில் ஒரு மலைச்சாலை நின்றுபோனது. பயமும் ஒரு மாதிரி கர்வமும். கர்வம் வந்தது உண்மை. இங்கே மறைத்து என்ன?

ஜூன் 6, வியாழன்

ஒன்றும் விழவில்லை. நேற்று மதியம் மழை விட்ட பிறகு மலைக்காரர் ஏறிப்போய்ப் பார்த்திருக்கிறார். முறிந்த மரக்கிளை ஒன்று கம்பி மேல் கிடந்ததாம். இழுத்தது மலை இல்லை, கிளை.

இருபத்தாறு மணிநேரம் சாலை மூடிக் கிடந்தது. மேல் ஊரிலிருந்து தேர்வு எழுத வரவேண்டிய அறுபத்து மூன்று பிள்ளைகள் வரமுடியவில்லை. பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. அமைச்சகத்திலிருந்து துணைச் செயலர் பேசினார். வணக்கம்கூட இல்லை. "யார் கையெழுத்து இது?"

இயக்குநர் பேசினார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

கேட்டேன் சார். கேட்டேனே. ஆனால் கேட்டதைக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. எழுதாதது நடக்காதது.

ஜூன் 7, வெள்ளி

வீட்டில் இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "உக்காரு முதல்ல. தரை தேய்ஞ்சிடும்" என்றார். உட்கார்ந்தேன்.

இவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "தினமும் எம்பது படம் எடுக்கறேன். எதுல என்ன இருக்குன்னு எடுத்ததுமே தெரிஞ்சுடும். ஆனா சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. 'டாக்டர் சொல்வார்'னு அனுப்பிடுவேன். ஒருத்தர் டாக்டரைப் பாக்கவே போகலை. மூணு மாசம் கழிச்சு ஸ்ட்ரெச்சர்ல வந்தார்."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

"அப்போ சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல. கிளையா மலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

இன்று இயக்குநருக்கு அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்ததாம்.

ஜூன் 10, திங்கள்

சுற்றறிக்கை ஒன்று தயாரித்து நான்கு நிலையங்களுக்கும் அனுப்பினேன். இனி எந்த அளவீட்டையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே தெரிவிக்க வேண்டும். காவல்துறைக்கோ ஓட்டுநர்களுக்கோ களப்பணியாளர் நேரடியாக எதுவும் சொல்லக் கூடாது. தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சாலை மூடப்படக் கூடாது.

விதிப்புத்தகம் படித்துப் பார்த்து, "இப்பதான் மேடம் பாதுகாப்பா இருக்கு" என்றார். யாருக்குப் பாதுகாப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்ற மூன்று பேரும் ஏதேதோ சந்தேகம் கேட்டார்கள். மலைக்காரர் மட்டும் "சரி மேடம்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

மகளின் பள்ளிக் குறிப்பேடு தற்செயலாகக் கையில் கிடைத்தது. இரண்டு வருஷமாகப் பெற்றோர் கையெழுத்து எல்லாம் அவளே போட்டிருக்கிறாள். என் கையெழுத்து. என்னைவிட நன்றாகவே.

"நீ எப்பவும் ஃபைலோட இருக்கே. எதுக்குத் தொந்தரவுன்னுதான்" என்கிறாள். பதினாறு வயது. கொஞ்சமும் கூச்சமில்லை.

"யார் உனக்கு அதிகாரம் குடுத்தா?"

"கேட்டா நீ படிக்காமயே போட்டிருப்பே. நான் படிச்சுட்டுப் போட்டேன். எது மேல்?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். இவர் பக்கத்து அறையில் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் கோபம் நிலைக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இயக்குநர் வீட்டுக்கு வந்துவிட்டார். போன் அவர் மனைவி கையில். "தூங்கறாரும்மா, எழுந்ததும் பேசச் சொல்றேன்." இரண்டு நாளாக இதே பதில். இரண்டு கோப்புகள் காத்துக் கிடக்கின்றன. முக்கியமானவை இல்லை. ஆனால் ஆறாவது பிரிவு நினைவில் வந்து குத்துகிறது. மழை மறுபடி தொடங்கியிருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மாலை ஆறு மணி. இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். இப்போதே எழுதிவிட வேண்டும். பிறகு எனக்கு வேண்டியபடி நினைவு மாறிவிடும்.

1.50. மலைக்காரர். "நாலு காட்டுது மேடம். தண்ணி சேறா வருது."

"கம்பியைப் பாத்தீங்களா? கிளை ஏதாவது…"

"பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். இயக்குநர் எண்ணைக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "காலுக்குப் பயிற்சி குடுக்கறவர் வந்திருக்காரும்மா, அரை மணியில முடிஞ்சிடும்." அவசரம் என்று சொன்னேன். சொன்னேனா? 'கொஞ்சம் அவசரம்' என்றேன். கொஞ்சம்.

2.20. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

2.35. மலைக்காரர். "ஒம்போது. மேடம், ஒம்போது. ரோட்டைச் சாத்திடலாமா?"

எச்சரிக்கைப் படிவம் தட்டச்சாகி என் முன்னால் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. நான் சொன்னேன் – "காத்திருங்க. பத்தே நிமிஷம். கேட்டுட்டுச் சொல்றேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும். பிறகு, "சரி மேடம்."

நான் எழுந்து விதிப்புத்தகத்தின் அறைக்குப் போனேன். கலந்தாலோசிக்க முடியாவிட்டால் நானே போடலாமா என்று கேட்க. அவர் ஆணையை எடுத்து ஆறாவது பிரிவைப் படித்தார், இன்னொரு முறை படித்தார். "ரெண்டு விதமாவும் அர்த்தம் பண்ணலாம் மேடம்" என்றார்.

2.52. மலைக்காரருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

3.05. சரிவு இறங்கியதாகக் காவல்துறையிலிருந்து போன். இருநூறு மீட்டர் நீளத்துக்குச் சாலையே இல்லை.

3.20-க்கு அவர் கூப்பிட்டார். பதினைந்து நிமிஷம் நான் என்னவாக இருந்தேன் என்று எழுத வரவில்லை. "யாரும் இல்ல மேடம். யாருக்கும் ஒண்ணும் இல்ல." என்னிடம் பேசி முடித்த அடுத்த நிமிஷமே நிலையத்து ஜீப்பைக் கொண்டுபோய்ச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். மேல் பக்கம் சங்கிலி கட்டி ஒரு காவலரை நிற்க வைத்திருக்கிறார். இரண்டு பேருந்து, ஒரு பால் வண்டி, சில பைக்குகள். எழுபதுக்கு மேல் ஆட்கள்.

நான் காத்திருக்கச் சொன்னேன். எழுபது பேர். நான் அறை அறையா நடந்துக்கிட்டிருந்தேன்.

ஜூன் 22, சனி

மேலே போனேன். சாலை இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு கிடந்த மரங்களும். அதற்கு இந்தப் பக்கம், மண்ணிலிருந்து முப்பது அடி தள்ளி, ஜீப்.

மலைக்காரருக்கு மேலுதடு வீங்கியிருந்தது. பேருந்து ஓட்டுநர் அடித்திருக்கிறார். "ஆர்டர் எங்கேன்னு கேட்டார். இல்லைன்னேன். வண்டியை எடுடான்னு கை வெச்சுட்டார்." சரிவு இறங்கிய பிறகு அதே ஓட்டுநர் தார் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். தூக்கித்தான் விட்டார்களாம்.

"நான் காத்திருங்கன்னு சொன்னது உங்களுக்கு மழையில சரியா…" என்று ஆரம்பித்தேன். என்ன எதிர்பார்த்து அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியும்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நல்லா கேட்டுச்சு மேடம். கேட்டுட்டுதான் செஞ்சேன்."

ஜூன் 25, செவ்வாய்

'ஆராய்ச்சி நிறுவனத்தின் உரிய நேர எச்சரிக்கை.' எல்லாப் பேப்பரிலும். துணைச் செயலர் பேசினார். இந்த முறை வணக்கம் இருந்தது. "உங்க முடிவு பல உயிர்களைக் காப்பாத்தியிருக்கு." நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சாலையை மூடிய உத்தரவின் நகலைக் காவல்துறை கேட்கிறது, இன்றைக்குள் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மதியம் விதிப்புத்தகம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கையில் அந்தப் படிவம்.

"தட்டச்சாகித்தான் இருக்கு மேடம். தேதியும் அன்னிக்குத் தேதிதான். ரெண்டு முப்பத்தஞ்சுன்னு நேரத்தைப் போட்டுக் கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது. போடலைன்னா உங்க சுற்றறிக்கையை மீறினது அவர். விசாரணை முதல்ல அவர் மேலதான் பாயும். இது ஒரு பொய்தான். ஆனா யாரையும் கெடுக்காத பொய்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எனக்கு எப்போதும் நாளைதான்.

ஜூன் 26, புதன்

மலைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். 

"போட்டுடுங்க மேடம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பேர் எதுவும் வேணாம், பிரச்சினை வராம இருந்தாப் போதும்."

மனசு லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பேனாவை எடுத்து நேரம்கூட எழுதிவிட்டேன். இரண்டு, புள்ளி, மூன்று – அதற்கு மேல் போகவில்லை. தாகமாக இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தும் போகவில்லை.

இதைப் போட்டால் கோப்பில் என்ன இருக்கும்? கேட்டார், உடனே அனுமதி கிடைத்தது, சாலை மூடப்பட்டது, எல்லாரும் பிழைத்தார்கள். என் சுற்றறிக்கை பிரமாதமாக வேலை செய்தது என்று இருக்கும். அடுத்த மழையிலும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான் என்று இருக்கும்.

ஆனால் அவர் போடச் சொன்னாரே. அவர் வேலை, அவர் பிள்ளைகள். என் மனசாட்சிக்கு அவர் தலையைக் கொடுப்பதா?

ஜூன் 27, வியாழன்

காலை எட்டு மணிக்கு மலைக்காரரே கூப்பிட்டார்.

"மழை இன்னும் மூணு மாசம் இருக்கு மேடம்."

"ஆமா."

"அன்னிக்கு ஜீப்பை நிறுத்திட்டேன். அடுத்த தடவை நிறுத்துவேனான்னு எனக்கே தெரியல. அடி வாங்கினதுக்காக இல்ல. நின்னுக்கிட்டிருந்தப்போ, விழலைன்னா என்ன ஆகும்னுதான் யோசிச்சேன். விழணும்னு வேண்டிக்கிட்டேன் மேடம். மலை விழணும்னு. இன்னொரு தடவை அப்படி வேண்ட முடியாது. உள்ளது உள்ளபடியே எழுதிடுங்க."

ஜூன் 28, வெள்ளி

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 1.50, 2.35, 3.05. மூடுமாறு நான் உத்தரவிடவில்லை, காத்திருக்கச் சொன்னேன், அது தவறு. சுற்றறிக்கை என்னுடையது, அதுவும் தவறு. அதிகாரம் என்னிடம் இருந்தது, நான் பயன்படுத்தவில்லை. களப்பணியாளர் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தி உயிர்களைக் காத்தார். அந்த அதிகாரத்தை அவர் நிலையில் இருப்பவர்களுக்கு எழுத்துபூர்வமாக அளிக்கப் பரிந்துரைக்கிறேன்.

நேரத்தைப் பாதி எழுதி நிறுத்திய படிவத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு அதையும் கோப்பில் இணைத்தேன்.

விதிப்புத்தகம் நின்றபடியே படித்தார். "அனுப்பிட்டா திரும்ப வாங்க முடியாது மேடம்." தெரியும் என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த 'சூழ்நிலை காரணமாக' என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்தார். "இது வேண்டாம். இது இருந்தா மத்ததெல்லாம் சாக்கு மாதிரி ஆகிடும்." சுத்தமாகத் தட்டச்சு செய்து அவரே கொண்டுவந்தார்.

ஜூலை 3, புதன்

இயக்குநர் வீட்டுக்குப் போனேன். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். கோபம் இல்லை, அலுப்புதான்.

"உங்களைக் காப்பாத்த வழி இருந்துச்சும்மா. நீங்களே கதவைச் சாத்திட்டீங்க."

"ஆமா சார்."

சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "'தொடர்புகொள்ள இயலவில்லை'ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. போனை எடுத்தது என் வீட்டுக்காரம்மான்னு ஏன் எழுதலை?"

"அவங்க நம்ம ஆபீஸ்ல வேலை பாக்கலையே சார்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார். "அந்த ஆறாவது பிரிவு நான் எழுதினதுதான். குடுத்த மாதிரியும் இருக்கணும், குடுக்காத மாதிரியும் இருக்கணும்னு."

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு ஓலை. எனக்குக் கடமையில் காலதாமதம். அவருக்கு உத்தரவு மீறல். விசாரணை முடியும்வரை அவரைத் தலைமை அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேலே வேறொருவர். பதினொரு வருஷம் மலையில் இருந்தவருக்கு மின்விசிறிக்கடியில் ஒரு நாற்காலி. மழை பெய்தால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். நானும் என் அறையில் எழுந்து ஜன்னலுக்குத்தான் போகிறேன்.

ஜூலை 10, புதன்

தப்பு பண்ணிட்டேனோ. அவரைச் சேர்த்து இழுத்துட்டேனோ.

ஜூலை 24, புதன்

விசாரணை. மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற நிலவியலாளர், ஒரு அம்மா. காது கொஞ்சம் மந்தம், கேள்வி மந்தம் இல்லை.

மலைக்காரரிடம், "உத்தரவை மீறினீங்களா?"

"மீறினேன்மா."

"மறுபடி இதே நிலைமை வந்தா?"

"தெரியாதும்மா. அதான் பயமா இருக்கு."

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பத்து நிமிஷத்துல எதுக்குப் பயந்தீங்க? மலைக்கா, போனுக்கா?"

"போனுக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முடிவு வந்தது. எனக்குக் கண்டனம், பணிப்பதிவேட்டில் ஏறும். கையெழுத்து அதிகாரங்கள் ரத்து. ஆவணப் பிரிவுக்கு மாற்றம். மலைக்காரருக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை, அதோடு சரி. நாளையே மேலே போகலாம். "எச்சரிக்கை விட்டவனுக்கு எச்சரிக்கை" என்று விதிப்புத்தகம் முணுமுணுத்தார். அவர் ஜோக் சொல்லி நான் பார்த்ததில்லை.

கூடவே ஒரு ஆணை. நான்கு நிலையங்களிலும் களப்பணியாளர் தன் கையெழுத்திலேயே ஆறு மணிநேரம்வரை சாலையை மூடலாம். முன் அனுமதி தேவையில்லை. பிறகு தெரிவித்தால் போதும். தவறாகிப் போனாலும், அளவீடு சரியாகப் பதிவாகியிருந்தால் அவர்மேல் நடவடிக்கை கிடையாது. எட்டுப் பிரிவு இல்லை. ஒரே பத்தி. 'கலந்தாலோசித்து' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

வீட்டில் சொன்னேன். இவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "கண்டனம்னா எத்தனை நாள் இருக்கும்மா?" என்று மகள் கேட்டாள். ரிட்டயர் ஆகும்வரை என்றேன். "அடேங்கப்பா" என்றாள்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆவணப் பிரிவு தரைத்தளத்தில். வெளியே வரும் எல்லா அறிவிப்புகளின் நகலும் கடைசியில் இங்கேதான் வரும். பதிவேட்டில் எண் போட்டு அடுக்க வேண்டும்.

இன்று மதியம் நான்காம் நிலையத்திலிருந்து ஒரு பக்கம். காலை 11.20-க்குச் சாலை மூடப்பட்டது. அளவு ஏழு மில்லிமீட்டர். கம்பி சரிபார்க்கப்பட்டது. பிற்பகல் 3.40-க்குத் திறக்கப்பட்டது. வலது ஓரத்தில் மலைக்காரரின் பெயர், பதவி, கையெழுத்து.

அதை எடுத்து வந்த விதிப்புத்தகம் உடனே போகாமல் நின்றார். அமைச்சகத்திலிருந்து போன் வந்ததாம். நாலு மணிநேரம் எதற்கு மூடினீர்கள், யார் கையெழுத்து என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னீங்க?"

"அவருக்கு அதிகாரம் இருக்குன்னு சொன்னேன் மேடம். வேற என்ன வேணும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம்னு வெச்சுட்டாங்க."

எண் போட்டு அடுக்கினேன். ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மேலே இன்று ஒன்றும் விழவில்லை.